கட்டாமல் விட்ட ஜன்னல்

லுக்பான்,
மே 16

அன்பு மகள் டெல்பினாவுக்கு,

அம்மாவின் ஆசிகள். நலமாக இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் போகவில்லை. அதுவாவது கூட இருக்கிறது.

நேற்று புனித இசிதோரின் ஊர்வலம் நம் தெரு வழியாக வந்தது. வருடத்துக்கு ஒரு தெரு என்பதால், எத்தனை வருடம் காத்திருந்த முறை! காப்பி இலையும் கொக்கோ இலையும் பறித்து, அரிசிமாவு தடவி, ஆவியில் வைத்து, வெந்த மாவை இலை வடிவிலேயே உரித்து, என் பழைய பூகோளப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக் அப்பளமாகக் காயவைத்த கிப்பிங், முன்சுவர் முழுக்க. பால்கனியில் லாங்கனிசா தொத்திறைச்சிச் சரம். தெருநாய்கள் நம் வாசலைவிட்டு நகரவே இல்லை.

ஊர்வலத்துக்கு முன், காலையில் எதிர்வீட்டு பீசிங் கைபேசியோடு வந்தாள். "டீச்சர், உங்க பொண்ணு அங்கேயும் திருவிழா வச்சுட்டா! புது அம்மா வேற கெடச்சிருக்காங்க!" என்று சிரித்தாள். படத்தில் நீ பார்த்துக்கொள்ளும் ஓர்னெல்லா அம்மையார், கையில் அத்தி இலைக் கிப்பிங். 'என் இத்தாலி அம்மா' என்று நீ எழுதியிருந்தாய்.

"வயசானவங்கள சந்தோஷமா வச்சுக்கறதுதானே அவ வேலை" என்று நானும் சிரித்தேன். உள்ளே போனால் அடுப்பில் கடைசி ஈடு குழைந்து கிடந்தது. ஒன்றைக்கூட உரிக்க வரவில்லை.

ஒரு கொய்யாவை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிடச் சொல்லி வகுப்பில் கணக்குக் கொடுப்பேன். ஆளுக்குப் பாதி என்றால் சரி போட்டுவிடுவேன். பாதி வாங்கிய பிள்ளையின் கண் மற்றப் பாதியிலேயே இருக்கும் என்பது இப்போதுதான் புரிகிறது.

பீசிங்கின் கைபேசியை மறுபடி வாங்கி, படத்தைப் பெரிதாக்கிக் குறை தேடினேன். கிடைத்தது. ஓரமெல்லாம் சுருண்டிருக்கிறது; வெயிலில் காயவைத்திருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு இலை பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

உன் அறை ஜன்னலில் மட்டும் எதுவும் கட்டவில்லை. அது எப்போதும் நீ கட்டும் இடம். "இது ஏன் டீச்சர் மொட்டையா நிக்குது?" என்று வீட்டு அலங்காரப் போட்டியின் பரிசுக்குழுவினர் கேட்டார்கள். "கட்டறவ வெளியூர்ல இருக்கா" என்றேன். முதல் பரிசு பீசிங்குக்கு. "ஒரு ஜன்னலால கோட்டை விட்டீங்களே டீச்சர்!" என்று அவளே அங்கலாய்த்தாள்.

இந்த மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன்.

இத்துடன் பச்சை நிறக் கிப்பிங் ஒன்று அனுப்புகிறேன். உடையாமல் வந்தால் ஓர்னெல்லா அம்மையாரிடம் கொடு. இனிச் செய்வதை நிழலில், கனமான புத்தகத்துக்கு அடியில் காயவைக்கச் சொல். நன்றாகக் கற்றுக்கொடு மகளே. நீ பக்கத்தில் இல்லாமலே அவர் செய்துகொள்ளும் அளவுக்குக் கற்றுக்கொடு.

இசிதோர் உன்னை வழிநடத்தட்டும்.

ஊர்ப்பெயர் சேர்க்கத் தேவையில்லாத
உன் அம்மா,
ரோசெண்டா