பாதுகாப்பு அதிகாரியும் மஞ்சள் அரிசியும்

2025 செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று முதல் நான் பாதுகாப்பு அதிகாரி. எனக்கே மதியம்தான் தெரிந்தது.

நம்பிராஜன் அண்ணன் தாராவியிலிருந்து காற்றழுத்தும் கம்ப்ரஸரும் அந்தக் காற்றில் ஓடும் பிரேக்கரும் ஆட்களோடு வாடகைக்கு அனுப்புகிறான். இனி ‘சேஃப்டி ஆபீசர்’ என்று ஒருவர் இருந்தால்தான் வேலை என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டானாம். அண்ணன் யோசிக்கவே இல்லை, என் பெயரைக் கொடுத்துவிட்டான். “நீதானட்டி எம்.எஸ்சி. பிசிக்ஸு?”

அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்று செம்பூர்க் காலேஜில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரும்பலகை ஒரு நாளும் என்னைத் திருப்பி உதைத்ததில்லை. கான்கிரீட்டை உடைக்கும் அந்தப் பிரேக்கரை நான் தொட்டதுகூட இல்லை.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அண்ணன் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. “சூடு” என்றான். கொட்டியதைத் துடைத்தது நான். காபி எப்போதோ ஆறிப்போயிருந்தது.

பேராச்சி மதினி என்னைப் பார்த்தாள். நான் “சரி” என்றேன். எதற்குச் சரி என்றேன்?

செப்டம்பர் 16

இயந்திரத்தோடு வந்த கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். ‘காற்றழுத்தத் துளைகருவி’ என்று தலைப்பிட்டு இரண்டு பக்கம். வாட்ஸப்பில் மன்சூர் அலிக்கு அனுப்பினேன். அவர் அண்ணனோடு தொடக்கத்திலிருந்து இருக்கும் ஆப்பரேட்டர். பதில் வந்தது, குரலாக: “டீச்சர், நல்லாருக்கு. அந்த மெஷினை எப்ப வாங்கப் போறோம்?”

அடித்துவிட்டு ‘பிரேக்கர்’ என்று எழுதினேன்.

செப்டம்பர் 20, சனி

முதல் வகுப்பு. மழை முடியும்வரை சாலையைத் தோண்ட அனுமதியில்லை என்பதால் எல்லா மெஷினும் ஷெட்டில், எல்லா ஆட்களும் மெஷின்மேல். நான் குடையோடு.

காலையில் முதல் வேலையாகக் கம்ப்ரஸர் தொட்டியின் தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும் என்றேன். காற்றுக் குழாயான ஹோஸை மாட்டுமுன் மெஷின் வாயில் எண்ணெய் விட வேண்டும் என்றேன். மாட்டாத நேரத்தில் வாயை மூடி வைக்க வேண்டும் - இதற்கென்றே குர்லாவில் அலைந்து சிவப்பு மூடிகள் வாங்கிப் போயிருந்தேன். ஹோஸைக் கழற்றுமுன் காற்றை மூடி, லிவரை அழுத்தி, உள்ளே மிச்சமிருப்பதை வெளியேற்ற வேண்டும். மூடினால் மட்டும் போதாது. ஹோஸுக்குள் தங்கிய காற்று பாம்பு மாதிரி எழுந்து ஆளை அடிக்கும். அதனால்தான் இணைப்பின் இரண்டு பக்கமும் ஓர் இரும்புக் கயிற்றைக் கட்டுகிறோம்.

கயிற்றைக் கட்டிக் காட்டினேன். மதினி டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். “எத்தன மாப்பிள்ள பாத்தோம், ஒருத்தனுக்கும் கழுத்த நீட்டல. இப்ப ஹோசுக்குத் தாலி கட்டி வைக்கா.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? அதன்பின் அந்தக் கயிற்றுக்குத் தாலி என்றே பெயராகிவிட்டது. கையேட்டுப் பெயரை நானே மறந்துவிட்டேன்.

அண்ணன் வகுப்புக்கு வரவில்லை. வெளியே நின்று பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தான். தீக்குச்சி விரலில் நிற்கவில்லை.

செப்டம்பர் 23

காலேஜுக்குப் போகும் வழியில் காலையிலேயே அண்ணன் வீடு. நல்ல மழை. அண்ணன் விரல் நுனிகள் சாக்பீஸ் நிறத்தில் இருந்தன. அது எனக்குத் தெரிந்த நிறம். மதினி அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

“எத்தன நாளா?” என்றேன்.

“குளுருக்கு அப்படித்தான் இருக்கும்” என்றான்.

பம்பாயில், செப்டம்பரில், குளிர்.

கையேட்டில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது. வருஷக்கணக்கில் அதிர்வு ஏறினால் விரலில் முதலில் ரத்தம் நிற்கும், பிறகு உணர்வு போகும். ஆரம்பத்தில் நிறுத்தினால் கொஞ்சம் திரும்பலாம். நிறுத்தாவிட்டால் திரும்பாது. மழை முடிந்ததும் வேலை தொடங்கிவிடும். அவன் மறுபடி மெஷினைப் பிடித்துவிடுவான்.

படித்துக் காட்டினேன். அண்ணன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். “நீ எழுதுனதுல ஒரு தப்பு இல்லட்டி. ஆனா நான் மெஷினப் பிடிக்காம ஓரமா நின்னா எவன் மதிப்பான்? வாடகைக்கு விடுதவன்னுதான் சொல்லுவான்.”

வாடகைக்குத்தானே விடுகிறாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்குச் சரியான பதில்கள் எப்போதும் சயான் ஸ்டேஷன் படியேறும்போதுதான் வரும்.

செப்டம்பர் 27

அதிர்வைக் குறைக்கும் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தேன். அண்ணன் அதைக்கொண்டு ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்கிறான்.

அக்டோபர் 1, புதன் - ஆயுத பூஜை

மெஷின்களையெல்லாம் கழுவி வரிசையாக நிறுத்தி, சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கம்ப்ரஸர் சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் மன்சூர் அலி வாங்கி வருவதுதான் வழக்கமாம். வந்தார், பழம் வைத்தார், பொரி சுண்டலுக்கு முதல் ஆளாகக் கை நீட்டினார். “வருஷம் பூரா நான் கும்பிடுதேன் இந்த மெஷின. ஒரு நாள் நீங்க கும்பிடுங்க.”

நான் பூஜை அறையே இல்லாத வீட்டில் குடியிருப்பவள். ஓரமாக நின்றேன். மதினி விடவில்லை. அட்சதைத் தட்டைக் கையில் திணித்தாள். “நீதான ஆபீசர்? நீ போடு.”

சிவப்பு மூடிமேல் சந்தனம் நிற்கவில்லை. பூஜைக்கு அழகாக இருக்கட்டுமே என்று எல்லா மூடியையும் கழற்றி வைத்தேன். நானே. பிறகு மஞ்சள் அரிசியை அள்ளி வரிசையாகத் தூவினேன். நம்பிக்கை இல்லாதவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கொஞ்சம் தாராளமாகவே தூவினேன். முடிந்ததும், தூசி போகாமல் இருக்க, மூடிகளைக் கவனமாகத் திரும்பப் போட்டேன்.

மதினி திருப்தியாக இருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அக்டோபர் 2

சுண்டல் நாள்பட்ட கடலை. வயிறு சரியில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்தில் சாக்கடைக்காகக் கான்கிரீட் உடைக்கும் வேலை. காலையில் தூறல். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அண்ணன்தான் மெஷினைப் பிடித்தான். சொல்லிப் பார்த்தேன் - “மொத நாளு, நான்தாம்ட்டி தொடங்கணும்” என்றான்.

லிவரை அழுத்தினான். மெஷின் இரண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது.

“காத்த மூடுங்க!” என்று கத்தினேன். மன்சூர் அலி கம்ப்ரஸர் பக்கம் வால்வை மூடினார். அண்ணன் மறுபடி லிவரை அழுத்தினான். ஒன்றும் வெளியே வரவில்லை. காற்றெல்லாம் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான், பாதுகாப்பு அதிகாரியும்தான், அப்படி நினைத்தோம். மெஷின் உள்ளே அடைத்திருந்தால் லிவரை அழுத்தினாலும் காற்று வெளியேறாது. இதைக் கையேடு சொல்லவில்லை. பிசிக்ஸ் சொல்கிறது. பிசிக்ஸ் அன்றைக்கு என்னிடம் இல்லை.

ஹோஸைக் கழற்ற அண்ணன் கப்ளிங் இணைப்பைத் திருகினான். உள்ளே காற்று இருந்தால் அது விரலுக்கடியில் கிர்ரென்று நடுங்கும். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் சத்தத்தில் காது கேட்காவிட்டாலும் கை சொல்லிவிடும். இத்தனை வருஷமும் கைதான் சொல்லியிருக்கிறது. அவன் திருகிக்கொண்டே போனான்.

வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹோஸ் அவன் முகத்துக்கு நேராக எழுந்தது. எழுந்த வேகத்தில் அப்படியே நின்று, வெட்டி இழுத்து, கீழே விழுந்தது. தாலி பிடித்துக்கொண்டது.

அண்ணன் ஹோஸைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணுமே தெரியலட்டி” என்றான். “கைல ஒண்ணுமே தெரியல.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேனா? மன்சூர் அலி அழுதேன் என்கிறார். நம்ப முடியவில்லை.

ஷெட்டுக்குக் கொண்டுபோய் மெஷினைப் பிரித்தார்கள். எண்ணெயில் ஊறி, வால்வை அடைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி மஞ்சள் அரிசி. மன்சூர் அலி விரலில் எடுத்துக் காட்டினார். “டீச்சர், பொங்கலே வச்சிட்டீங்க.”

மாட்டுமுன் உள்ளே பார்க்க வேண்டும் என்பது என் பாடத்திலேயே உண்டு. யாரும் பார்க்கவில்லை. டீச்சர் மூடி போட்டிருக்கிறாள், சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. என்மேல் யாராவது நம்பிக்கை வைத்தால் இப்படித்தான்.

அக்டோபர் 8

சயானில் டாக்டர். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியின் கூர்முனையா மழுங்கின பக்கமா என்று கேட்டார். அண்ணன் ஊகித்தான். பாதி தப்பு.

“மெஷின் பந்த். பீடி பந்த்” என்றார் டாக்டர். இப்போதே நிறுத்தினால் கொஞ்சம் திரும்பும், எவ்வளவு என்று சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணன் கேட்டான்: “அப்ப நான் என்ன செய்ய?” கையேட்டில் அதற்குப் பத்தி இல்லை. என்னிடமும் இல்லை.

அக்டோபர் 11, சனி

அண்ணன் வகுப்புக்கு வந்து கடைசியில் உட்கார்ந்தான். நான் அரிசியிலிருந்து தொடங்கினேன். நடந்ததற்குக் காரணம் நான்தான் என்றேன். “தெரியும் டீச்சர், மேல போங்க” என்றார்கள்.

புது விதி: மூடி போட்டிருந்தாலும் உள்ளே பார். அடைத்த மெஷினென்றால் கம்ப்ரஸர் பக்கம் வடிகுழாயைத் திறந்து காற்றை விடு. மெஷின் மாறி மாறித்தான் பிடிக்க வேண்டும், ஒருவரே நாள் முழுக்கக் கூடாது. அண்ணன் வால்வுப் பக்கம் நிற்பான்.

அவன் எழுந்து போய் ஹோஸைச் சுருட்டி வைத்தான். இது சம்மதமா?

அக்டோபர் 20 - தீபாவளி

அண்ணன் தனக்குப் பட்டன் இல்லாத டி-ஷர்ட் எடுத்திருக்கிறான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் முறுக்கைப் பற்றிப் பேசினேன்.

அக்டோபர் 27

சம்மதமில்லை. மன்சூர் அலி போன் செய்தார்: “சும்மா பத்து நிமிஷம்னு பிடிச்சாரு டீச்சர். சாப்பாட்டு நேரம் வரைக்கும் விடல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

என்ன செய்யலாம் என்று யோசித்து, அதிர்வு பற்றி இன்னொரு பக்கம் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். நாற்பத்தெட்டு வயதாகிறது எனக்கு.

அக்டோபர் 29

நான் எழுதியதை மதினி படிக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. நேற்றுக் காலை அண்ணன் சட்டையைத் திறந்துபோட்டபடி அவள்முன் வந்து நின்றிருக்கிறான். காண்டிராக்டரைப் பார்க்கப் போக வேண்டும். மதினி தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாளாம்: “மெஷின் பிடிக்கத் தெரிஞ்ச கைக்குப் பட்டன் போடத் தெரியாதாக்கும்?”

திரும்பியும் பார்க்கவில்லையாம். அவன் கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு, அப்படியே வெளியே போயிருக்கிறான். காண்டிராக்டர் முன்னால் பனியன் தெரிய நின்றிருக்கிறான்.

இன்று அண்ணன் வால்வுப் பக்கம்.

நவம்பர் 15, சனி

வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஹார்பர் லைனில் சிக்னல் கோளாறு, ரயில் நின்று நின்று வந்தது. ஷெட்டுக்குள் சத்தம். காதடைப்பான் போடாத ஒருவனை அண்ணன் திட்டிக்கொண்டிருந்தான், நான் எந்த வகுப்பிலும் உபயோகிக்க முடியாத சொற்களில். நடுநடுவே என் வாக்கியங்கள் வந்தன, அவனுடையவை மாதிரி. எல்லோரும் காதடைப்பானைப் போட்டுக்கொண்டார்கள்.

நான் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமை காண்டிராக்டரின் ஆள் வந்து சேஃப்டி ஆபீசர் யார் என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் அண்ணனைக் கை காட்டினார்களாம். இவ்வளவு சீக்கிரம் பதவி போகும் என்று எதிர்பார்க்கவில்லை. மதினி ஆறுதல் சொன்னாள்: “அதான் தாலி கட்டி முடிச்சிட்டியே.”

காலையில் நல்ல குளிர், பம்பாய்க் கணக்குக்கு. அண்ணன் சட்டை போட்டிருந்தான். ஒரு பட்டன் துளை மாறிப் போட்டிருந்தது, காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தது. மதினி போட்டிருந்தால் அப்படி இருக்காது.

மதினி காபி கொடுத்தாள். அண்ணன் வாங்கி, “ஸ்ஸ்... சூடு” என்று சட்டெனக் கீழே வைத்தான்.

எனக்குத்தான் எதையும் நம்பும் பழக்கமில்லையே. கை நீட்டி டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடுதான்.