அப்பாவுக்குக் கார் ஒத்துக்காது

அன்புள்ள அப்பா,

இன்று மாலை கரோல் பாக் மாமா வந்திருந்தார். காரை நம் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே வர, பெட்ரோல் வாசனையும் கூடவே வந்தது. அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். உங்களுக்காகத் திறந்து பழகிய கை. யாருக்காகத் திறந்தோம் என்று நினைத்தாளோ என்னவோ, வெளியே பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

மாமா நம்மைக் குதுப் மினாருக்கு அழைத்துப்போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். அப்படியும் வழியில் வண்டியை நிறுத்த வேண்டிவந்தது.

"என்ன மாப்ள, கல்யாணப் பொண்ணு மாதிரி குனிஞ்ச தலை நிமிராம வர்றீங்க!" என்று மாமா கேலி செய்தார்.

"தெனம் போற எடத்துக்குச் சைக்கிள், ஊருக்கு ரயிலு. காரு, மத்தவங்க ஏறிப் போறப்போ பாக்கத்தான் நல்லா இருக்கு" என்றீர்கள்.

கிட்வாய் நகரிலிருந்து ஆபீசுக்கு, பனிமூட்டத்திலும் மப்ளர் சுற்றிக்கொண்டு சைக்கிளில்தான் போனீர்கள். ரயிலில் ஏறிவிட்டாலோ நீங்கள் வேறு ஆள். வந்ததையெல்லாம் வாங்கிச் சாப்பிடுவீர்கள். கதவருகே நின்று பாட்டுக்கூடப் பாடுவீர்கள். நான் புத்தகத்திலிருந்து தலையெடுக்காவிட்டால், "வெளிய பாரு கண்ணு, அதுவும் படிக்கிறதுதான்" என்பீர்கள்.

அப்படிப்பட்ட உங்களை நெஞ்சுவலி வந்த அன்று மாமாவின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேறு வழியில்லை. "ஜன்னலைத் தெற கண்ணு" என்றீர்கள். திறந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவேயில்லை.

தகனம் முடிந்ததும் வீட்டில் பேச்சு எழுந்தது. உங்கள் அஸ்தியை எங்கே, எதில் கொண்டுபோவது?

"ஹரித்வார் பக்கம்தான். காலையில கெளம்பினா ராத்திரிக்குள்ள வீடு. நானே ஓட்டறேன்" என்றார் மாமா.

ஆக்ராவிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் திருச்சிக்காரரு. காவேரியிலதான் கரைக்கணும்."

"ரெண்டு நாள் ரயில்லயா? தங்கச்சி இருக்கிற நெலமையப் பாத்தியா?"

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள். நீங்கள் போனதிலிருந்து அவள் வாய் திறந்திருக்கவில்லை.

"அவருக்குக் காரு ஒத்துக்காதுண்ணே" என்றாள்.

மாமா எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அந்தக் கார் சீட்டில் இன்னொரு முறை உங்களை அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்கும்.

திருச்சிக்குக் கிளம்பும் நாளில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னார்: "மகளே, எங்கள் வழக்கம் இது. ஆறு வரும்போதெல்லாம் அப்பாவிடம் சொல், கூட வரச்சொல்லிக் கூப்பிடு. சொல்லாவிட்டால் இக்கரையிலேயே நின்றுவிடுவார்."

கலசத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். சித்தப்பா அதை அவிழ்த்துக் கையில் எடுத்தபோதுதான், ஸ்டேஷன் வரைக்கும் எதில் என்ற கேள்வி வந்தது. மாமா கார்ச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் சைக்கிளை வெளியே தள்ளிவந்தார்.

"பின்னாடி ஏறுப்பா. மாப்ளையப் பத்திரமாப் பிடிச்சுக்க" என்றார் சித்தப்பாவிடம்.

அம்மாவும் நானும் பெட்டிகளோடு ஆட்டோவில் பின்தொடர்ந்தோம். கனாட் பிளேஸ் வட்டத்தில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மெதுவா மாமா!" என்று கத்தினேன். "சும்மா இரு! மாப்ளைக்கு ட்ரெயின் போயிடும்!" என்று திரும்பாமலே கத்தினார். அவர் அழுதுகொண்டிருந்தது குரலில் தெரிந்தது.

ரயிலில் ஜன்னலோரக் கொக்கியில் உங்களை மாட்டினோம். சித்தப்பாவுக்கு வாய்விட்டுக் கூப்பிடக் கூச்சம். அம்மாவுக்குக் குரலே எழவில்லை. அதனால் நான்தான் கூப்பிட்டேன். "அப்பா, சம்பல் ஆறு வருது. எங்ககூட வாங்க." முதலில் யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தேன். நர்மதைக்கும் அப்படித்தான். மாலை வெயிலில் கோதாவரி வந்தபோது வழக்கமான குரலிலேயே சொல்லியிருக்கிறேன்.

"யாரிடம் பேசுகிறாய்?" என்று எதிர் ஜன்னலோரம் இருந்தவர் ஹிந்தியில் கேட்டார்.

"எங்கள் அப்பாவிடம்."

கலசத்தைப் பார்த்தார். கைகூப்பிவிட்டு ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து நகர்ந்துகொண்டார்.

காவேரியில் சித்தப்பா உங்களைக் கரைத்ததும், திரும்பிப் பார்க்காமல் படியேறச் சொன்னார்கள். ஏறினேன்.

ஆனால் டில்லிக்குத் திரும்பும் ரயில் பாலத்தில் தடதடத்தபோது, என்னை அறியாமல், "அப்பா, கோதாவரி வருது" என்றுவிட்டேன். சித்தப்பா தர்மசங்கடத்தோடு, "அப்பாவை விட்டுட்டுத்தானேம்மா வர்றோம்" என்றார்.

"சொல்லட்டும், விடுங்க" என்றாள் அம்மா.

இப்போது உங்கள் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறேன். கூப்பிட்டுக்கொண்டு போகச் சொன்ன ஆன்ட்டி, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் தினமும் எதிரில் வருகிறார். நான் கேட்பதில்லை.