கயாவோ கோட்டைக் கதவு

ஆகஸ்ட் 14, 1825. லிமா

இன்றும் வெயில் இல்லை, துவைத்தது எதுவும் காயவில்லை. என் வீட்டுக்காரர் பெந்துராவின் சட்டையையும் சேர்த்துத்தான் துவைத்தேன். அவர் அதை உடுத்தியே எட்டு மாதமாகிறது.

தம்பி அன்செல்மோ பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஸ்பெயின் ராஜாவுக்கு இந்த நாடே கையவிட்டுப் போச்சுக்கா. கோட்டைக்குள்ள உக்காந்திருக்கிற மாமாவுக்கு மட்டும் இன்னும் தெரியல."

அவனுக்கென்ன. கயாவோ துறைமுகக் கோட்டையை முற்றுகையிட்டிருக்கும் எங்கள் நாட்டுப் படையில் இருக்கிறான், வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிடுகிறான்.

செப்டம்பர் 2

பீரங்கிச் சத்தம் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

அக்டோபர் 19

தீனி போட முடியாமல் பெண்களைக் கோட்டையிலிருந்து வெளியே துரத்திவிட்டார்களாம். உள்ளே தஞ்சம் புகுந்திருந்த அடுத்த தெரு இசிதோராவும் வந்து சேர்ந்தாள். "எலிக்குக்கூட வரிசையில நிக்கணும்டி. உன் வீட்டுக்காரர் தோல் வாரை வேகவெச்சுத் தின்னுக்கிட்டே, 'மெல்ச்சோரா காய்ச்சின கஞ்சி'ன்னு சிரிக்கிறாரு."

அட பாவி மனுஷா, சிரிக்கிற நேரமா இது?

ஸ்பெயினிலிருந்து கப்பல் வரும் என்று தினமும் மதில்மேல் ஏறிப் பார்க்கிறாராம். கடற்கொள்ளையருக்குப் பயந்து கட்டிய மதில் அது. பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து. எதிரியோ என் சமையலறையில். நானும் கரையில்தானே இருக்கிறேன் - ஒருநாள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் என்ன?

டிசம்பர் 24

ஊதாச் சோளக் கஞ்சி காய்ச்சினேன். ஒரு கிண்ணம் அவருக்கென்று எடுத்து வைத்தேன்.

ஜனவரி 23, 1826

கோட்டை பணிந்துவிட்டது! வெளியே வருகிறவர்கள் வீட்டுக்கும் போகலாம், ஸ்பெயினுக்கும் கப்பலேறலாம் என்று ஒப்பந்தம். வீட்டுக்குத்தான் வருவார், வேறெங்கே போவார் என்று ஓடினேன்.

கோட்டை வாசலில் எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டம். ஊர் வழக்கப்படி எல்லோரும் முக்காட்டுக்குள், ஒற்றைக் கண்தான் வெளியே. எலும்பும் தோலுமாக யாரோ ஒருவர் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார்.

"மெல்ச்சோரா, இந்த முறைப்பு எனக்குத் தெரியாதா?"

ஐயோ, எனக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

"வீட்டுக்கு வாங்க" என்றேன்.

"கப்பலேறப் போறேன். ராஜாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். நீயும் வா."

"எனக்குப் பண்ணின சத்தியம்? இது என் ஊருங்க. இப்பத்தான் ஜெயிச்சிருக்கு. இதை விட்டுட்டு எங்க வர?"

என் முக்காட்டு நுனியைப் பிடித்தபடி நின்றார். படகிலிருந்து கூப்பிட்டார்கள். விட்டுவிட்டார்.

பிப்ரவரி 12

அன்செல்மோ கோட்டையைச் சுற்றிக் காட்டினான். கதவு அகலத் திறந்து கிடக்கிறது. உள்ளே பழம் விற்கிறார்கள். இந்தக் கதவுக்கு எத்தனை சாபம் கொடுத்திருப்பேன். மூடியே கிடந்திருக்கக் கூடாதா? மூடியிருந்தவரை அவர் நடந்து போகிற தூரத்தில் இருந்தார்.

மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்தேன்.

"இறங்குக்கா. எந்தக் கப்பலும் வரப்போறதில்ல."

தெரியும்டா என்றேன். இறங்கவில்லை.