போல்ட் இல்லாத துப்பாக்கி

மே 6
மாடுகளை விற்றபின்னும் ரேட்டோ விடியுமுன் எழுந்து காலித் தொழுவத்தைக் கூட்டுகிறான். கூட்ட என்ன இருக்கிறது? சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மே 7
அசதி.

மே 11
அலமாரியைத் துடைக்கும்போது துப்பாக்கிமேல் கை பட்டது. ரேட்டோவுக்கு ராணுவம் கொடுத்தது. கட்டாய ராணுவப் பணிக்காலம் முடியும்வரை அவரவர் வீட்டில்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஒருநாளும் பயந்ததில்லை. இன்று அலமாரியைச் சாத்திவிட்டு, மறுபடி திறந்து பார்த்தேன்.

போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த இரும்புத் துண்டை, கழற்றித் தனியாக வைக்க வேண்டும் என்பது விதி. அவன் மேல்தட்டில் காலுறைகளோடு வைத்திருப்பான். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்பு. எடுத்துத் தையல் மெஷின் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

எனக்குப் பைத்தியமா?

மே 12
துப்பாக்கியை ராணுவக் கிடங்கில் ஒப்படைக்கலாம், காரணம் கேட்க மாட்டார்களாம். ஆனால் அதை அவனிடம் எப்படிச் சொல்வது? நீ உன்னையே சுட்டுக்கொள்வாயோ என்று பயமாயிருக்கிறது என்றா?

ஜூன் 20
போல்ட்டை ஒளித்து வைத்ததை அவன் அக்கா அனலீஸிடம் சொன்னேன். "அட போடி! எங்க வீட்டு ஆம்பளைங்க ஒரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாங்க, அப்புறம் சரியாயிடும். நாளைக்கே எவனாவது எல்லை தாண்டி வந்தா, சுவிஸ்காரன் தையல் மெஷினத் தூக்கிட்டா ஓடுவான்?" சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது.

நாட்டைக் காக்கத்தான் வீட்டுக்கு வீடு துப்பாக்கி. சரி. இவனை யார் காப்பது?

ஜூலை 14
மழை. இன்றும் தொழுவத்தைக் கூட்டினான்.

ஆகஸ்ட் 27
சுடும் சங்கத்துக் கோன்ராடின் வந்தான். ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கான வருடாந்தரக் கட்டாயச் சுடும் பயிற்சிக்கு இந்தச் சனிக்கிழமைதான் கடைசி நாள். "என்னப்பா, மாட்டோட சேத்து கண்ணையும் வித்துட்டியா?" என்றான். ரேட்டோ, "வர்றேன்" என்றான்.

போல்ட் இல்லாமல் சுட முடியாது. திருப்பி வைத்துவிடுவதா? வைத்தால் —

ஆகஸ்ட் 31
வைக்கவில்லை.

காலையில் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தான். மேல்தட்டைத் தொடவே இல்லை.

"உர்சினா, போல்ட்டக் குடு."

எந்தப் போல்ட் என்று கேட்டேன், முட்டாள்.

"மே மாசமே தேடினேன். இல்ல. நீதான் எடுத்திருப்பேன்னு தெரியும்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"எதுக்குன்னு நீ திருப்பிக் கேட்டிருப்ப."

மே மாதம் அவன் சுடும் மைதானத்துப் பக்கமே போகவில்லை; தேடியது பயிற்சிக்காக இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோன்ராடின் இரண்டு முறை போன் செய்தான், எடுக்கவில்லை. அபராதம் வந்தால் வரட்டும்.

செப்டம்பர் 2
துப்பாக்கியை ஒப்படைத்தோம். கிடங்கில் இருந்தவர் காரணம் கேட்கவில்லை. ரேட்டோவேதான் சொன்னான்: "வீட்ல இருந்தா எனக்கே பயமா இருக்கு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல வேளை, கொண்டாந்தீங்க" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். பாதி வழியில் தூங்கிவிட்டான், வாயைத் திறந்துகொண்டு. வீடு வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அவன் மூச்சுவிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.