காலியாகத் தெரிந்த குழாய்

9 ஜூன் 1994, வியாழன்

நான் ஒரு மடச்சி. சாந்தி அக்காவின் வயிற்றுப் பிள்ளைக்கும் தலசீமியா என்ற இரத்த நோய் இருக்கிறதா என்று சோதிக்கத் தேவையான செயற்கை டிஎன்ஏ, ஆறு வாரம் காத்திருந்து, இன்று காலைதான் எங்கள் லேப்புக்கு வந்தது. அது இருந்த சிறு குழாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. "காலி டியூப்ப அனுப்பிட்டானுங்க லா!" என்று கத்திக்கொண்டே மூடியைத் திறந்து, மின்விசிறிக்குக் கீழேயே கவிழ்த்துத் தட்டினேன்.

லேப் டாக்டர் ஓடி வந்தார். "சுத்தாமயா தொறந்தே? காய்ஞ்ச டிஎன்ஏ கண்ணுக்குத் தெரியாதேம்மா! காத்துல பறந்துருக்குமே!"

முதலில் இயந்திரத்தில் சுழற்றி அதை அடியில் படிய வைக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

மறுபடி வரவழைக்க ஆறு வாரம் ஆகும். பிள்ளையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய அக்காவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. மூத்தவளுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறோம்.

மாலையில் மாக் மண்டினில் தான் வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து அக்கா போன் செய்தாள். "வந்துருச்சாடி?"

"இன்னும் வரலக்கா."

"பரவால்ல. நீ அங்க இருக்கே, எனக்கென்ன பயம்?"

குழாயைக் குப்பையில் போட மனம் வராமல் கைப்பையில் கொண்டுவந்துவிட்டேன். ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நாளை அதில் இரண்டு சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றுமே தெரியவில்லை. காலையிலும் இப்படித்தான் ஒன்றும் தெரியவில்லை.