கர்னலின் பட்டினி

செதுபல், ஞாயிறு

அன்புள்ள கஸ்பார்,

நானும் உன் அம்மாவும் சுகம், உங்கள் கிளி கர்னல் இன்று முதல் சுகம், நீயும் மருமகள் ஜுசாராவும் மொசாம்பிக்கில் நலமாயிருக்க வேண்டும். "இன்று முதல்" என்பதை அவளிடம் வாசித்துக் காட்டாதே, மாதம் நெருங்கியவள் பயப்படுவாள் என்றுதான் இதைத் தொலைபேசியில் மறைத்தோம். நீங்கள் கிளம்பியதிலிருந்து கர்னல் சரியாகச் சாப்பிடவில்லை. உன் அம்மா பப்பாளியை நறுக்கி, மருந்துக்கடைக்காரரிடம் பேசும் அதே மரியாதையோடு, "கர்னல் அய்யா கொஞ்சம் பழம் எடுத்துக்கிறாரா?" என்று கேட்பாள். கர்னல் சுவரைப் பார்ப்பார். உடம்பில் கோளாறில்லை, ஆனால் இப்படியே போனால் பிழைக்காது என்றார் மருத்துவர். முடிதிருத்தும் வால்டெமீரை அழைத்து வந்தேன், கர்னல் கேட்டு வளர்ந்தது ஜுசாராவின் பேச்சை, அவனும் அவள் மாதிரி பிரேசில்காரன்தானே. "நீங்க வாயத் திறக்காமலே பேசுறீங்க சார், இதுல அய்யா வேற! அது எப்படி வாயத் திறக்கும்?" என்று சிரித்துவிட்டு, "வாடா என் உயிரே, என் ராசா" என்று இழுத்து இழுத்துக் கொஞ்சினான். பாதிப் பழம் காலி. உன் அம்மா, "நீங்க பேசுறதும் எங்க பாஷைதான், அத வெயில்ல போட்டு உருக்கிட்டீங்க" என்றாள். "நீங்க குளிர்ல போட்டு விறைக்க வெச்சிட்டீங்க, அம்மா" என்றான் அவன்.

மறுநாளே அவன் அண்ணனைப் பார்க்கப் போர்ட்டோ போய்விட்டான், கிளி மறுபடி பட்டினி. கீழ்வீட்டு அங்கோலாக்காரி டோமிங்காஸ் பேசிப் பார்த்தாள். கர்னல் தலையைச் சாய்த்து ரசித்தார், தின்னவில்லை. "எங்க பேச்சு உங்களுக்கும் பிரேசிலுக்கும் நடுவுலதானே, அதான் பாதி வேலை செய்யுது" என்றாள். பிறகு வால்டெமீர் மாதிரி இழுத்துப் பேச நானே பழகினேன். பழக்கதோஷத்தில் காப்பிக்கடையிலும் வாயைத் திறந்து பேசிவிட, பல வருடமாக எனக்குக் காப்பி தரும் ஆள், "சார் எந்த ஊரு?" என்று கேட்டான். கிளியோ என்னைப் பார்த்து ஜுசாரா மாதிரியே சிரித்ததே தவிர, தின்னவில்லை.

இன்று காலை செய்தித்தாளோடு திரும்பினால், சமையலறையில், "என் செல்லமே, தங்கக்கட்டி, ஒரே ஒரு வாய்டா" என்று ஒரு குரல். உன் அம்மா! கிளி தின்றுகொண்டிருந்தது. அவள் உன்னையோ என்னையோ அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. "என்ன பார்வை? அதுக்குப் புரியுறாப்பல பேசுனேன்" என்றாள். மதியம் சூப் வைத்தாள், நான் தொடவில்லை. ஆறுது என்றாள், நான் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காலையில் கிளியைக் கொஞ்சிய அதே குரலில், வாயை முழுசாகத் திறந்து என்னை ஒரு வார்த்தை சொல்லி அழைத்தாள். அதை எழுத மாட்டேன். இரண்டு தட்டு குடித்தேன்.

கொசுவலை இல்லாமல் தூங்காதீர்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும்.

உன் அப்பா,
எவாரிஸ்து