சேற்றில் போடப் பலகை கேட்டு

அனுப்புநர்:
ஒஸ்மரீனு பிராகா, மீனவர்,
வாய்க்கால் தெரு, போர்த்து சேரெனு,
அமேசோனாஸ் மாநிலம்.

பெறுநர்:
வெள்ள நிவாரண அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம், போர்த்து சேரெனு.

பொருள்: வெள்ளக் காலப் பலகைகளை வறட்சியில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவில் எல்லாம் தூண்களின் மேல் நிற்கும் மர வீடுகள். வெள்ளம் தரையைத் தொட்டதும் பலகை அடித்துத் தரையை உயர்த்திக்கொள்வோம். கடந்த ஜூனில் கூரை தலையில் இடிக்க, குனிந்தே சமைத்துக் குனிந்தே உண்டோம். பலகைகளைத் தாங்கள்தான் தந்தீர்கள், நன்றி. தண்ணீர் வடிந்ததும் ஆணிகூட விடாமல் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள்.

2. இப்போது படகு ஓடிய வாய்க்கால் தொடையளவு சேறு. செத்த மீனும் ஊர்க் கழிவும் அதில் ஊறுகின்றன. நாற்றம் மரவள்ளி மாவிலும் ஏறிவிட்டது. நேற்றும் மழை கொட்டியது. ஆறு நிறைய வேண்டுமானால் மேற்கே மலையில் பெய்ய வேண்டும்; இங்கே பெய்தது சேற்றைத்தான் இளக்கியது.

3. என் மனைவி ஜூசிலேனிக்கு இது நிறைமாதம். முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் செத்துப் பிழைத்தவள். வீட்டில் பிரசவம் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். படகும் போகாது, காலும் ஊன்றாது. மேட்டுச் சாலை வரை பாதை போடப் பலகை கேட்டுத் தங்கள் அலுவலகம் வந்தேன். பலகைகள் கொட்டகையில் கரையான் அரித்துக் கிடக்கின்றன. எழுத்தர் திரு. வால்டெசிர் சொன்ன பதில்: “வெள்ள அளவுகோல்ல இருக்கிற சிவப்புக் கோடு வரைக்கும் தண்ணி தொடணும்ணே. தொட்டுச்சுன்னா மறுநாளே பலகை வந்துரும்.”

4. அந்த அளவுகோல் படகுத்துறையில் வெறுந்தரையில் நிற்கிறது. அதை நனைப்பவை தெருநாய்கள் மட்டுமே. விதியைக் கேட்ட பக்கத்து வீட்டு ஜெருசா அம்மாள், “அப்ப வெள்ளம் வந்தப்புறம் பெத்துக்கச் சொல்லு உம் பொண்டாட்டிய” என்றார். தெருவே சிரித்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. சேற்று நாற்றத்தையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு சகிக்கலாம்.

5. என் வீட்டுக் கதவையும் சுவர்ப் பலகைகளையும் பெயர்த்துச் சேற்றில் போட்டுவிட்டேன். பாதி தூரம்தான் வந்தது. சிரிக்க வைத்த ஜெருசா அம்மாளே தன் சமையலறைச் சுவரைக் கழற்றித் தந்தார். இன்னும் சாலை எட்டவில்லை.

ஆகவே கொட்டகையைத் திறந்து பலகைகளை இன்றே வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில், என் வீட்டில் மிஞ்சியிருப்பது ஜூசிலேனி நின்றுகொண்டிருக்கும் தரை மட்டுமே. அதையும் பெயர்க்கலாமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.

இடம்: போர்த்து சேரெனு
நாள்: 11 அக்டோபர் 2024

இப்படிக்கு,
ஒஸ்மரீனு பிராகா